ஆட்டிசப் பிள்ளைகளும் நம் கழனியும்



சனிக்கிழமை காலையில் எங்கள் கழனிப் பக்கம் போகிறவர்கள் ஒரு மஞ்சள் வேன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். போன மாதக் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டேவிட்டார்: "என்ன சார், ரிடையர் ஆனவர் பிக்னிக் ஸ்பாட் ஆரம்பிச்சுட்டீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேனில் வருவது ஆட்டிசம் உள்ள நாலு பிள்ளைகள், அவர்களுடைய சிறப்பாசிரியை, ஒரு ஆயாம்மா. நாலு பேரில் ஒருவன் என் மகள் வயிற்றுப் பேரன். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து மெல்லிய குரலில், "எங்க வீட்லயும் ஒரு பிள்ளை இருக்கு சார்" என்றார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்துநாலு வருஷம் வங்கியில் இருந்தேன். ஓய்வுபெற்றதும் வாலாஜாபாத் பக்கம் இருக்கிற பூர்வீக நிலத்துக்கு வந்தேன். ரெண்டு ஏக்கர் ஏரிப் பாசனக் கழனி, ஒன்றரை ஏக்கர் மேட்டுக் கொல்லை. கீழே எழுதியிருப்பதில் பாதி நான் தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்டது.

ஆட்டிசம் என்பது மூளையும் நரம்பும் வளர்கிற விதத்தில் பிறவியிலேயே வருகிற ஒரு வேறுபாடு. நோய் இல்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை. பேச்சு தாமதமாகலாம், வராமலும் போகலாம். மற்றவர் முகம் பார்த்து மனசு புரிந்துகொள்வது கஷ்டமாக இருக்கும். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதில் நிம்மதி கிடைக்கும். சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் நமக்கு ஒரு பங்கு என்றால் சிலருக்குப் பத்துப் பங்காக உறைக்கும், சிலருக்கு உறைக்கவே உறைக்காது. ஒரு பிள்ளையைப் போல இன்னொரு பிள்ளை இருக்காது. அரசாங்கப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு சொல் பார்த்திருக்கிறேன். எழுதியவர் என் பேரனைப் பார்த்ததில்லை. ஏரி மடை திறந்த தண்ணீர் எங்கள் காவாயில் வந்து சேர்கிற சத்தத்தை நாலு பேர் இருக்கிற இடத்தில் முதலில் கேட்கிறவன் அவன்தான். புற உலகம் அவனுக்கு இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி இருக்கிறது, அதுதான் சங்கடம்.

எங்கள் பக்கத்துப் புற உலகம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கார் கம்பெனி, லாரி கம்பெனி, பைக் கம்பெனி. ராத்திரி பகல் ஷிப்ட் பஸ். வாலாஜாபாத் ரோட்டில் ஜல்லி லாரி. மருமகன் ஷிப்டில் போகிறவர், ஒரு வாரம் பகல் தூக்கம், ஒரு வாரம் ராத்திரி. அடுக்குமாடியில் ரெண்டு ரூம் வீடு. பையன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். மேல் வீட்டுக்காரர் புகார் சொல்கிறார் என்று மகள் அவன் வாயைப் பொத்துவாள். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டியவன் நான், ஆனால் அப்போது மாதம் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற தாத்தாவாகத்தான் இருந்தேன்.

2020-ல் ஊரடங்கு வந்தபோது மகளும் பேரனும் இங்கே வந்து தங்கினார்கள். அவனுக்கு ஏழு வயது. முதல் நாள் பம்ப்செட் தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பார்த்து உட்கார்ந்தவன் ரெண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மகள் அழுதாள். "அப்பா, இவன் ரெண்டு நிமிஷம் ஒரு இடத்துல உக்காந்து நான் பார்த்ததில்ல." எனக்கு அன்றைக்குத் தலை கால் புரியவில்லை. மண்ணும் தண்ணியும் இவனைச் சரிபண்ணிடும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஆசையில்தான் பெரிய தப்பு நடந்தது. அடுத்த மாதம் சேடை ஓட்டி நடவுக்குத் தயாராக இருந்த கழனியில் அவன் கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன். சேறு கணுக்காலில் பட்டதும் அவன் போட்ட கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. என் மணிக்கட்டைக் கடித்தான். வரப்பில் தலையை மோதிக்கொண்டான். பிறகு ரெண்டு வாரம் அந்தக் கழனிப் பக்கமே வரவில்லை. சேறு நமக்குக் குளுமை, அவன் தோலுக்கு அது என்னவாக இருந்ததோ.

பள்ளி திறந்த பிறகு அவனுடைய சிறப்பாசிரியையிடம் இதைச் சொன்னேன். அந்தம்மா கோபப்படவில்லை. "சார், சேறு மட்டும் பிரச்சினை இல்ல. எப்ப முடியும்னு அவனுக்குத் தெரியல, அதான் பயம். நீங்க 'கொஞ்ச நேரம்'னு சொல்லியிருப்பீங்க. கொஞ்ச நேரம்னா எவ்வளவு? பத்து நாத்துன்னு சொல்லுங்க. பத்து நாத்து எடுத்து அவன் முன்னாடி வையுங்க. பத்தும் தீர்ந்தா வேலை முடிஞ்சுதுன்னு அவன் கண்ணுக்குத் தெரியணும்." இந்த ஒரு பாடத்துக்கு நான் ஒரு வருஷம் ட்யூஷன் போயிருந்தாலும் தகும்.

அதற்குப் பிறகு சேற்றில் இறக்குகிற பேச்சையே விட்டோம். வரப்பில் நிற்கட்டும், போதும் என்றோம். ஒற்றை நாற்று நடவுக்கு நாங்கள் கயிறு பிடித்து நடுகிறவர்கள். 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு, 20 மீட்டர் கயிறு. நடவுக்கு முந்தின நாள் கயிறு வரப்பில் கிடந்தது. பையன் முடிச்சை எண்ண ஆரம்பித்தான். மொத்தம் 88. திரும்ப எண்ணினான், 88. மூன்றாம் தடவை ஒரு இடத்தில் நின்று, அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறான். டேப் வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி 24 சென்டிமீட்டர். போன வருஷம் அறுந்ததை நான்தான் அவசரத்தில் முடிந்து வைத்திருந்தேன். ஒரு வருஷமாக அந்தக் கயிற்றில்தான் நட்டிருக்கிறோம், யார் கண்ணிலும் படவில்லை.

அன்றிலிருந்து கயிறு அவன் பொறுப்பு. ஒரு வரிசை முடிந்ததும் கயிற்றை நகர்த்த வேண்டும் என்று அவன் கை தட்டுவான், ஆட்கள் நகர்த்துவார்கள். நாலு மாதம் கழித்து ஒரு நாள் கயிறு சேற்றில் விழுந்தது. யாரும் கூப்பிடவில்லை. தானே இறங்கி எடுத்தான். மேலே ஏறி காலைக் கழுவு கழுவு என்று கழுவினான், ஆனால் கத்தவில்லை.

இதை எழுதும்போது ஒரு பழைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆட்டிசம் என்று பெயரிட்டு முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் இருந்த டாக்டர் லியோ கானர். 1943-ல் பதினோரு பிள்ளைகளைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார். முதல் பிள்ளை டொனால்டு, முழுப் பெயர் டொனால்டு டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்கிற சின்ன ஊர்க்காரர். 1942-ல் அவரைப் பெற்றோர் பக்கத்தில் இருந்த ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். அந்தத் தம்பதி மருத்துவம் படித்தவர்கள் கிடையாது. பையனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும், சரி, கிணறு தோண்டவிட்டு எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்லவைத்தார்கள். மக்காச்சோள வரிசையை ஓயாமல் எண்ணுகிறானா, ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். செத்த பறவையையும் பூச்சியையும் பொறுக்கி வருகிறான் என்றதும் அதற்கு ஒரு மூலையில் இடுகாடு ஒதுக்கிக் கொடுத்தார்கள். 1945-ல் கானர் போய்ப் பார்த்தபோது பையன் குதிரை பூட்டிய ஏரை ஓட்டி, மடக்கித் திருப்பி, நீள நீளமாக உழுது காட்டினான். டாக்டருக்கே ஆச்சரியம்.

டொனால்டு பிறகு கல்லூரி போனார், கார் ஓட்டினார், தனியாக உலகம் சுற்றினார், 2023-ல் 89 வயதில் காலமானார். வாழ்நாள் முழுக்க என்ன வேலை பார்த்தார் தெரியுமா? வங்கி வேலை! அவர் குடும்பத்துக்குப் பங்கு இருந்த உள்ளூர் வங்கியில். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, வங்கியும் கழனியும் ஒரே ஆளிடம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் வசதியான வீட்டுப் பிள்ளை, ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி அமையாது. கழனியில் விட்டால் எல்லோரும் டொனால்டு ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த விவசாயத் தம்பதி செய்த ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் பிடிவாதத்தை நிறுத்தப் பார்க்காமல் அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வகுப்பறையில் எண்ணிக்கொண்டே இருக்கிற பிள்ளை தொந்தரவு. நடவில் எண்ணுகிற ஆள் தேவை.

இந்தச் சூத்திரத்தை மற்றப் பிள்ளைகளிடமும் பார்க்கிறோம். வேனில் வருகிற ஒரு பையன் பஸ் நம்பர் தவிர வேறு பேசமாட்டான். மேட்டுப்பாத்திகளுக்கு ஒவ்வொரு பஸ் நம்பர் எழுதி அட்டை குத்திவிட்டோம். காஞ்சிபுரம் பஸ் பாத்தியில் வெண்டை, தாம்பரம் பஸ் பாத்தியில் கத்திரி. எந்த பஸ்ஸுக்குத் தண்ணி இல்லை என்று அவன் வந்து சொல்கிறான். நாங்கள் இன்னும் வாய் தவறி 'கத்திரிப் பாத்தி' என்றால் திருத்துவான்.

ஜீவாமிர்தம் ஒரு அருமையான வேலை. செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: 200 லிட்டர் தண்ணீருக்கு நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண். ரெண்டு நாள், காலையும் மாலையும் வலது சுற்றாகக் கலக்க வேண்டும். ஒரே திசை, ஒரே அசைவு, எண்ணிக்கை உண்டு, பீப்பாயில் சுழி விழுவது கண்ணுக்குத் தெரியும். பேரன் 50 சுற்று சுற்றுவான், 49-ல் நிறுத்தச் சொன்னால் நடக்காது. ஆனால் அந்த வேனிலேயே வருகிற பத்து வயதுப் பெண் பிள்ளைக்கு அந்த வாசனை ஆகாது, பீப்பாயைத் திறந்தாலே வாந்தி எடுப்பாள். அவளுக்கு மண்புழு உரம் சலிக்கிற வேலை. பேச்சு வராத குழந்தை. சல்லடையை ஆட்டும்போது தொண்டையில் ஒரு ராகம் போடுவாள். பிள்ளைக்குப் பிள்ளை வேறு என்று மேலே சொன்னது இதுதான்.

கழனியில் வேலை செய்கிற அம்மா ஒருவர் இருக்கிறார், பள்ளிக்கூடம் போகாதவர். முதலில் என்னிடம், "சாமி குத்தமா ஐயா? மந்திரிச்சுப் பார்க்கலாமே" என்றார். நான் விளக்கினேன். அவருக்கு என் விளக்கம் எவ்வளவு புரிந்ததோ, ஆனால் இப்போது பிள்ளைகள் தேடிப் போய் உட்காருவது அவர் பக்கத்தில்தான். காரணத்தை ஆசிரியை சொன்னார்: அவர் பேசமாட்டார். "பேர் என்ன, ஊர் என்ன, என்னைப் பாரு" என்று எதுவும் கேட்கமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைப்பார். பிள்ளையும் உடைக்கும். நம்மைப் போன்ற படித்தவர்கள்தான் கேள்வி கேட்டே அவர்களை விரட்டிவிடுகிறோம்.

சனிக்கிழமை எப்படி நடக்கிறது என்று கேட்கிறவர்களுக்காக. ஒன்பது மணிக்கு வேன், பதினொன்றுக்குத் திரும்பிவிடும், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. சித்திரை, வைகாசியில் கிடையாது, வெயில் தாங்காது. வந்ததும் எப்போதும் ஒரே வழி, ஒரே வேப்பமரம், ஒரே சணல் சாக்கு. மரத்தில் ஒரு பலகை, அதில் நாலு படம்: தண்ணீர்த் தொட்டி, அவரவர் வேலை, பழம், வேன். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார்கள். படத்தை ஆசிரியை பள்ளியிலேயே காட்டி, நாளைக்கு இது நடக்கும் என்று சொல்லித்தான் கூட்டி வருவார். வேலை பத்துப் பதினைந்து நிமிஷம்தான், மீதி நேரம் அவர்கள் இஷ்டம். மரத்தடியில் மறைவாக ஓலைத் தடுப்பு ஒன்று கட்டியிருக்கிறோம். தாங்கவில்லை என்றால் அங்கே போய் உட்காரலாம், யாரும் பின்னாலேயே போகமாட்டோம், தூரத்திலிருந்து கண் மட்டும் வைத்திருப்போம். அன்று காலை டிராக்டர், பவர் டில்லர், களை வெட்டுகிற மெஷின் எதுவும் ஓடாது. பக்கத்துக் கழனிக்காரர் மருந்து அடிக்கிறவர், அவரிடம் கெஞ்சிக் கேட்டு சனிக்கிழமை விட்டுவிடச் செய்திருக்கிறேன். நல்ல மனுஷன், ஒப்புக்கொண்டார். கோழியைப் பார்த்தால் ஒரு பையனுக்கு ஆகாது, அதனால் கோழிகளுக்கும் அன்று கூண்டு.

இப்போது முக்கியமான விஷயம். இதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

கிணறு.

ரெண்டாவது வருஷம் ஐப்பசி மாதம். நல்ல மழை பெய்து தண்ணீர் மேலே நின்றது. பம்ப்செட் ரூமில் ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணியதைப் பார்க்கப் போனேன். நாலு நிமிஷம் இருக்கும். வெளியே வந்தால் பேரன் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பமாட்டான், அது எனக்குத் தெரியும், ஆனாலும் கத்திக்கொண்டே ஓடினேன். கிணற்று மேடையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீரில் வெளிச்சம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கையை அசைத்துக்கொண்டிருந்தான். ஓடினால் பயந்து சரிந்துவிடுவான். நடந்துபோய்ப் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தேன். அவன் சிரித்தான். எனக்கு அன்று முழுக்கக் கை நடுங்கியது. மகளிடம் மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

இது என் ஒருவனுடைய அனுபவம் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் 1,200-க்கும் மேற்பட்ட ஆட்டிசப் பிள்ளைகளின் குடும்பங்களிடம் கேட்ட ஆய்வில், நாலு வயதுக்கு மேல் ஒரு முறையாவது சொல்லாமல் வெளியே போக முயன்ற பிள்ளைகள் ஏறக்குறைய பாதிப்பேர். அப்படிப் போகிற பிள்ளைகளுக்கு முதல் ஆபத்துகளில் ஒன்று தண்ணீர். பலருக்கும் தண்ணீர் காந்தம் மாதிரி. நம் ஊரில் கிணறு, பண்ணைக்குட்டை, ஏரி, மடை, திறந்த தொட்டி எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கிணற்றுக்கு இரும்புக் கிராதி மூடி போட்டு, சுற்றிலும் நாலடி வேலி கட்டி, கதவுக்குப் பூட்டு மாட்ட எனக்கு ரூ.38,000 ஆனது. அது முடிகிற வரைக்கும் வேறு ஒரு பிள்ளையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அந்தப் பெரியவர் கையில் போன் இருக்கக் கூடாது. கரண்ட் வேலி உள்ள நிலத்துக்கு இவர்களைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு வலிப்பும் உண்டு. அதனால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மேடு, தொட்டி, ஏணி பக்கம் அனுப்பக் கூடாது. வலி உறைக்காத பிள்ளை முள் ஏறியிருந்தாலும் சொல்லாது, போகும்போது ஆயாம்மா ஒவ்வொருவர் கை காலையும் பார்த்துத்தான் வேனில் ஏற்றுவார்.

அடுத்து, நம் இயக்கத்து நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கூட்டங்களிலேயே, "நாட்டு அரிசி கொடுங்க சரியாயிடும்", "பாலை நிறுத்துங்க", "தடுப்பூசி போட்டதால வந்தது" என்று என் மகளிடம் சொன்னவர்கள் உண்டு. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு 1998-ல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பவர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. 2010-ல் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவ உரிமமும் பறிபோனது. பூச்சிமருந்து பற்றிக் கேட்டால், கலிஃபோர்னியாவில் மருந்து அடிக்கிற வயலுக்குப் பக்கத்தில் கர்ப்ப காலத்தில் இருந்த தாய்மார்களைப் பற்றி 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது என்றார்கள், அதுதான் காரணம் என்று நிறுவவில்லை. விஷத்தை எதிர்க்க நமக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. ஒரு பிள்ளையைக் காட்டி அதன் தாயைக் குற்றவாளியாக நிற்க வைத்து எதிர்க்க வேண்டாம். என் பேரன் கருப்பு கவுனிக் கஞ்சி குடிக்கிறான், பிடிக்கிறது, குடிக்கிறான். அவன் ஆட்டிசம் அப்படியேதான் இருக்கிறது. மாறியது என்னவென்றால், ராத்திரி தூங்குகிறான், தலையை மோதிக்கொள்வது குறைந்திருக்கிறது, மகள் சிரிக்கிறாள். வெளியில் இருப்பதால் வரும் பலன் அந்த அளவுதான் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. பேச்சுப் பயிற்சியோ டாக்டரோ வேண்டாம் என்று யாராவது நிலத்தைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். கோவளம் பக்கம் முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. பரிசோதனை, பயிற்சி, பெற்றோருக்கு வழிகாட்டுதல் எல்லாம் அங்கே உண்டு. முதலில் அங்கே போங்கள், பிறகு கழனிக்கு வாருங்கள்.

பள்ளி முடிந்த பிறகு என்ன என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. 2016 சட்டப்படி 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பத்தொன்பதாவது வயதில் என்ன செய்வது? வீட்டில் டிவி முன்னால் உட்கார வைப்பதுதான் பல வீட்டில் நடக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் பக்கம் குணமங்கலத்தில் சிருஷ்டி கிராமம் என்று ஒரு இடம். 2013-ல் கார்த்திகேயன் என்பவர் தொடங்கிய சிருஷ்டி அறக்கட்டளை நடத்துவது. அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழ்ந்து, இயற்கை விவசாயமும் மாடு வளர்ப்பும் செய்கிறார்கள். அவர்களுக்கு விவசாய வேலையை முறையாகக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. அங்கே இருப்பவர்கள் நோயாளிகளாக இருப்பதில்லை, ஊர்க்காரர்களாக இருக்கிறார்கள். இதற்கு ஒரு மூத்த அண்ணன் ஸ்காட்லாந்தில் உண்டு, 1940-ல் கார்ல் கோனிக் என்ற அகதி டாக்டர் தொடங்கிய கேம்ப்ஹில். நாம் மாட்டுக் கொம்பில் சாணம் வைத்துப் புதைக்கிறோமே, அந்த முறையைச் சொன்ன ருடால்ஃப் ஸ்டைனர் 1924 ஜூனில் விவசாயத்தைப் பற்றிப் பேசினார். அதே ஜூன் கடைசியில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கேம்ப்ஹில் அந்த ரெண்டாவது பேச்சின் வழியில் வந்தது. கொம்பு சாண உரத்தை எடுத்துக்கொண்ட நாம் மற்றதை விட்டுவிட்டோம். நெதர்லாந்தில் இப்படிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பகலில் வரவேற்கிற பண்ணைகள் ஆயிரத்துக்கு மேல். விவசாயிக்கு அதற்கு அரசு வழியில் பணம் வருகிறது, தர்ம காரியம் கிடையாது, பண்ணை வருமானத்தில் ஒரு பங்கு. வங்கிக்காரன் மூளை அங்கேதான் நிற்கிறது. என்னைப் போல் பென்ஷன் வருகிறவன் சும்மா செய்யலாம். ரெண்டு ஏக்கர் குத்தகைக்காரர் எப்படி செய்வார்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நடத்துகிற நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வங்கி என்றதும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. பணியில் இருந்தபோது ஒரு கிளையில் ஒரு தாய் பெரிய பையனோடு வந்தார். பையனுக்குப் பேச்சு இல்லை, கையெழுத்து வராது. அவன் பேரில் கணக்கு ஆரம்பிக்க வேண்டும். "கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தம்மா திரும்ப வரவில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ல் வந்தது. ஆட்டிசம் உட்பட நாலு வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு பாதுகாவலர் நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அந்தக் குழு கொடுக்கிற சான்றிதழை வைத்துக் கணக்கு ஆரம்பிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கைகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகப்போகிறது என்றால் அந்தச் சான்றிதழுக்கு இப்போதே கலெக்டர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி நல அலுவலரைப் பாருங்கள். நிரமயா என்று ஒரு லட்சம் ரூபாய் வரைக்குமான மருத்துவக் காப்பீடும் அதே அறக்கட்டளையில் உண்டு. நிலத்தைப் பிள்ளை பேரில் எழுதுவதற்கு முன்னால் பாதுகாவலர் யார் என்பதை முடிவு பண்ணுங்கள், இல்லாவிட்டால் சொத்து இருக்கும், எடுத்துச் செலவு செய்ய யாருக்கும் உரிமை இருக்காது.

எங்கள் நிலத்துக்கும் ஆள் வருகிறது. மாதம் ரெண்டு புரோக்கராவது கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்துகிறார். போன பொங்கலுக்கு மருமகன் சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, வித்துட்டு அவன் பேர்ல டெபாசிட் போட்டா வட்டியாவது வரும்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. வட்டிக் கணக்கை அவரைவிட நான் நன்றாகப் போடுவேன், போட்டும் பார்த்தேன். வட்டி வரும், எண்ணுவதற்கு வரிசை வராது. ஆனால் நானும் அவளும் போன பிறகு இங்கே அவனோடு யார் இருப்பார்கள் என்று மருமகன் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேனில் வருகிற மற்ற மூன்று வீட்டுப் பெற்றோரோடும் உட்கார்ந்து ஒரு அறக்கட்டளை பதிவு செய்யலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு வீட்டார் சரி என்கிறார்கள், ஒரு வீட்டார் யோசிக்கிறார்கள், ஒரு வீட்டாருக்கு ஓசூருக்கு மாற்றல் வருகிற மாதிரி இருக்கிறது.

தூயமல்லி நாற்று விட்டிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை பதினாலு நாள் ஆகிறது. கயிற்றின் அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் குறைகிறது. வருகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். கேட் திறந்துதான் இருக்கும், ஹாரன் மட்டும் அடிக்க வேண்டாம்.